லிஃப்ட்காரர் நடித்த அப்பா

முதலில் பார்த்தது அவருடைய பூட்ஸைத்தான்.

புக்கிட் மேராவில் ஒரு பழைய அடுக்குமாடி பிளாக்கின் லிஃப்டில் நானும் டைரக்டரும் முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்தோம். படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன இடத்தில் இந்தக் கதி. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. யாரோ வெளியிலிருந்து கதவைப் பிளந்தார்கள். எங்கள் நெற்றி உயரத்தில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். பிறகு குனிந்து பார்த்த ஒரு முகம். ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை. எங்களைப் பார்த்ததில் எந்த மகிழ்ச்சியும் இல்லாத முகம்.

“ஏறி வர ட்ரை பண்ணாதீங்க. கீழ இறக்கிவிடுறேன்” என்றது அந்த முகம். பத்து நிமிடத்தில் லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது.

டைரக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கௌரவமாக ஒரு கேள்வி கேட்டார். “இனிமே இது சேஃப்தானே?”

“இன்னிக்கு சேஃப். நாளைக்குத் தெரியாது. நான்னா படியில போவேன்.”

“நீங்க லிஃப்ட் கம்பெனி ஆளுதானே?”

“அதனாலதான் சொல்றேன்.”

டைரக்டர் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். “கிடைச்சுட்டார். இவர்தான் நம்ம அப்பா.”

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலையின் பெயர் துணை இயக்குநர். செய்த வேலை, முந்தைய ஷாட்டில் சட்டையில் எத்தனை பட்டன் போட்டிருந்தது, கடிகாரம் எந்தக் கையில் இருந்தது என்று நோட்டில் எழுதிவைப்பது. நாங்கள் எடுக்கவிருந்தது தீபாவளிக்கு ஒளிபரப்பாகும் குடும்பப் படம். கூடைப்பந்துப் பைத்தியமான ஒரு பையன். படிப்பைத் தவிர வேறு எதையும் நம்பாத அவன் அப்பா. சண்டை, கண்ணீர், கடைசியில் சமாதானம். அப்பாவாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நடிகருக்கு ஒரு தொடரில் இன்னும் பெரிய வேடம் கிடைத்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார். எங்களுக்கு அவசரமாக ஓர் அப்பா தேவைப்பட்டார்.

“எனக்கு நடிக்க வராது சார்” என்றார் லிஃப்ட்காரர்.

“அதுதான் எனக்கு வேணும்.”

“இப்ப வேணும்பீங்க. அப்புறம் வருத்தப்படுவீங்க.”

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு, ‘ரெண்டாவது பத்தி நல்லா இல்லை’ என்று மெசேஜ் அனுப்புவார். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணன்’ என்றே கூப்பிட்டோம். அதுவே போதும்.

தமிழர் கடைத்தெருவான தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வசனம் படித்துப் பார்க்கும் நாளன்று, அண்ணன் லீவு போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு வந்திருந்தார். வசனத்தை எழுதியவர் டைரக்டரேதான். தோற்றுவிட்டு வந்த மகனிடம் அப்பா சொல்லவேண்டிய வரி ஒன்று: ‘மகனே, உன் கனவுதான்டா என் சுவாசம்.’ அண்ணன் அதை உதட்டுக்குள் மூன்று முறை படித்தார். காகிதத்தைக் கீழே வைத்தார்.

“இது எந்த வீட்ல சார் பேசுறாங்க?”

“எல்லா அப்பாவும் மனசுக்குள்ள பேசுறதுதாண்ணே.”

“அப்ப நானும் மனசுக்குள்ளயே பேசிக்கிறேன்.”

அறையில் யாரோ இருமினார்கள். அது நான்தான். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை. டைரக்டர் பொறுமையைக் காட்டும் குரலில், “சரி, உங்க பையன் தோத்துட்டு வந்தா நீங்க என்ன சொல்வீங்க?” என்றார்.

“சாப்டியான்னு கேப்பேன்.”

“அண்ணே, அவன் மனசு உடைஞ்சு வந்திருக்கான்லா.”

“விளையாடிட்டுத்தானே வந்திருக்கான்? பசிக்கும்ல?”

அன்று சாயங்காலத்துக்குள் சுவாசம், ஜீவன், உயிர்த்துடிப்பு எல்லாம் வசனத்திலிருந்து வெளியேறிவிட்டன. படம் ஒரு கால் மணி நேரம் சுருங்கியது. டைரக்டர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், ‘யதார்த்தம்தான் என் பாணி’ என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று சொன்னால் அது பெரிய நற்குணம்போலக் கேட்கும். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது ஒரு தொந்தரவு. எங்கள் தொழிலில் ‘சூப்பர்’ என்பது தும்மல் மாதிரி, தானாக வரும். ஷாட் முடிந்தால் சூப்பர், சாப்பாடு வந்தால் சூப்பர், மழை வந்து படப்பிடிப்பு நின்றாலும் சூப்பர். இவர் வந்த பிறகு ஒவ்வொரு சூப்பருக்கும் பக்கத்தில் ஒரு மௌனம் உட்காரத் தொடங்கியது. மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் வழக்கம்போல், “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டார். “நேத்து வச்ச குழம்பு” என்றார் அண்ணன். நேற்று வைத்த குழம்புதான். மேக்கப் போடும் பெண், தன் காதலன் படத்தைப் போனில் காட்டினாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, “உனக்கு என்னம்மா அவசரம்?” என்றார். அந்தப் பெண் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, அவர் முகத்தில் இரண்டு சுற்று அதிகமாகப் பவுடரை அப்பினாள். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு போன அன்று, கேட்காமலேயே, “முன்னாடி நல்லாருந்துச்சு தங்கச்சி” என்றார்.

கோபத்தில் சொல்வதில்லை. புண்படுத்தும் ஆசையும் இல்லை. வெயில் அடிக்கிறது, பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொல்வார். நாம் ஏன் முகம் சுளிக்கிறோம் என்று அவருக்கு நிஜமாகவே புரியாது. அதனால் திட்டவும் முடியாது. ஆனால் ஒருநாள் என் நோட்டைப் புரட்டிவிட்டு, “எல்லாம் சரியா எழுதியிருக்க” என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அவர் நடிப்பைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மோசம். அழும் காட்சியில் கண்ணில் கிளிசரின் விட்டால், கொசு விழுந்தவர்போல் நிற்பார். கோபப்படச் சொன்னால், உதிரிபாகம் வந்து சேராத மெக்கானிக்போல் முறைப்பார். வராத உணர்ச்சியை வந்ததுபோல் காட்ட அவர் முகத்தில் வசதி இல்லை. டைரக்டர் ஒவ்வொரு தடவையும், “சூப்பர்ண்ணே” என்பார். அண்ணன், “இல்ல சார், நல்லா வரல” என்பார். “வந்துச்சுண்ணே.” “வரல சார்.” இந்தச் சச்சரவிலேயே பாதி வெளிச்சம் போய்விடும்.

மகனாக நடித்தவன் நவீன். பதினான்கு வயது. தன் பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருந்த ஒரே தமிழ்ப் பையன் என்பதால்தான் எங்களுக்கு அவன் கிடைத்தான். நல்ல உயரம். ஆட்டம் சுமார்தான். அணியில் மாற்று ஆட்டக்காரன். ஆனால் படப்பிடிப்பில் அவன் எறிந்த பந்து வளையத்தின் பக்கத்து ஊருக்குப் போனால்கூட நாங்கள் எல்லோரும், “சூப்பர் நவீன்!” என்று கத்துவோம். ஒருநாள் அப்படிக் கத்தி முடித்ததும் அண்ணன் அவனிடம் போய், “தம்பி, பந்தைப் போடும்போது நீ கண்ணை மூடுற” என்றார்.

எல்லோரும் கவனித்தோம். மூடினான்தான். நவீன் ஆர்வமாகக் கண்ணை அகல விரித்துக்கொண்டு இன்னும் பத்து முறை எறிந்தான். ஒன்றும் விழவில்லை. முன்பாவது இரண்டு விழும்.

“இப்ப இன்னும் மோசமா இருக்கு. மூடிக்கிட்டே போடு” என்றார் அண்ணன்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து இடைவேளை விட்டால் அவன் அண்ணன் பக்கத்தில்தான் இருப்பான். கூடைப்பந்து பற்றி அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி நாள்வரை பந்து விழுந்தால் ‘கோல்’ என்றுதான் சொன்னார்.

நவீனின் நிஜ அப்பா பல் டாக்டர். குவீன்ஸ்டவுனில் கிளினிக். வாயைத் திறங்க, மூடுங்க என்பதைத் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. விடுமுறை நாட்களில் படப்பிடிப்புக்கு வந்து, மடக்கு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார். மகன் நடிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. மகன் விளையாடுவதைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. ஒரு மேட்ச்சுக்கும் அவர் போனதில்லை என்று நவீன் ஒருமுறை சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னான்.

கடைசி நாள், சனிக்கிழமை. புக்கிட் மேராவிலேயே ஒரு சமூக மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். நாற்பது துணை நடிகர்கள், பெரிய கேமரா, எல்லாம் அன்றைக்கு மட்டும். எடுக்கவேண்டியது உச்சக்கட்டம். மகனைப் போட்டிக்குப் போகவிடாமல் தடுத்துவைத்திருந்த அப்பா, அவன் பயிற்சி செய்யும் மைதானத்துக்கு வந்து, மனம் மாறி, “போடா, போய் விளையாடு” என்பார். மகன் ஓடுவான்.

காலையிலிருந்தே நவீனின் முகம் சரியில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்தக் காட்சிக்குப் பொருத்தமான முகம் என்று டைரக்டர் மகிழ்ந்துபோயிருந்தார். அண்ணன்தான் கேட்டார். அன்று மதியம் இரண்டு மணிக்கு அவனுடைய பள்ளிக்கு நிஜமான மேட்ச். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்தான். இறுதியாட்டம்கூட இல்லை. பயிற்சியாளரிடம் முடிந்தால் வருகிறேன் என்று சொல்லிவைத்திருந்தான். படப்பிடிப்புக்கு நாள் குறித்த பிறகுதான் தேதி மோதுவது தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை.

அண்ணன் நேராக டைரக்டரிடம் போனார். “சார், பையனுக்கு இன்னிக்கு மேட்ச் இருக்கு.”

“அண்ணே, இன்னிக்கு ஒருநாள்தான் இந்த இடம் நமக்கு. முடியாதுலா.”

அண்ணன் டாக்டரிடம் போனார். டாக்டர் கால்மேல் கால் போட்டபடி, “ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டாச்சு. கமிட்மென்ட்னா கமிட்மென்ட்” என்றார். நவீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒன்றரை மணிக்கு டைரக்டர் காட்சியை விளக்கினார். “அண்ணே, இதுதான் படத்தோட இதயம். இந்த நிமிஷத்தில அப்பா உணர்றாரு. பையனோட சந்தோஷத்தைவிட எதுவும் பெருசில்லன்னு. அடி மனசிலேருந்து சொல்லணும், ‘போடா, போய் விளையாடு.’ நவீன் கேட்டைப் பார்த்து ஓடறான். ஓகே?”

அண்ணன் டைரக்டரைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

“இதை எப்படி சார் நான் பொய்யாச் சொல்றது?”

“நடிப்புண்ணே! நடிங்க!”

அண்ணன் சரி என்று தலையாட்டினார். கேமரா ஓடியது. ‘ஆக்‌ஷன்’ சத்தம். அண்ணன் பையன் தோளில் கைவைத்து, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், “போடா, போய் விளையாடு” என்றார். நவீன் கேட்டைப் பார்த்து ஓடினான். அதுவரை வசனப்படி. அடுத்த நொடி அண்ணனும் அவன் பின்னால் ஓடத் தொடங்கினார். கேமராமேன் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவைத் திருப்பினார். கேட்டுக்கு வெளியே அண்ணன் ஓட்டி வந்த லிஃப்ட் கம்பெனி வேன் நின்றிருந்தது.

“கட்! கட்! எங்க போறீங்க? கட்!”

அண்ணன் வேன் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினார். “மேட்ச்சுக்கு சார்! டாக்டர், நீங்களும் ஏறுங்க, உங்க பையன்தானே?”

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். பையனை இறக்கத்தான் வந்தார். ஆனால் நவீன் உள்ளே சீட் பெல்ட்டையே போட்டுவிட்டான். போய்ச் சேர்ந்துவிட்டவனைப்போல அப்படி ஒரு சிரிப்பு அவன் முகத்தில். டாக்டர் கதவைப் பிடித்தபடி அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏறினார். நானும் ஏறினேன். தைரியம் ஒன்றும் இல்லை. அண்ணன் போட்டிருந்த சட்டை வாடகைச் சட்டை, அது கசங்காமல் திரும்பி வரவேண்டியது என் பொறுப்பு.

வேனில் மெஷின் எண்ணெய் வாடை. இரண்டு சிக்னல் தாண்டினோம்.

“இது சட்டப்படி கடத்தல்” என்றார் டாக்டர்.

“நீங்களும் உள்ளதானே இருக்கீங்க டாக்டர்.”

என் போன் அடித்தது. டைரக்டர். சைலன்ட்டில் போட்டேன்.

குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு விளையாட்டரங்கில் மேட்ச். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடியும் தறுவாயில் இருந்தது. பயிற்சியாளர் நவீனின் முகத்தில் இருந்த மேக்கப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் பாதி, சீனத்தில் பாதியாகத் திட்டி, பெஞ்சில் உட்காரவைத்தார். நாங்கள் மூவரும் மேலே காலரியில் உட்கார்ந்தோம். பெற்றோர் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என் காதருகே வந்து, “நம்ம கலர் எது?” என்று கேட்டார்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போதுதான் நவீனை உள்ளே விட்டார்கள். டாக்டர் எழுந்து நின்றார். பின்னாலிருந்தவர் உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை. நவீன் போட்ட முதல் பாஸை எதிரணி பிடுங்கிக்கொண்டது. பிறகு அவனை யாரோ தள்ளிவிட, தனியாக நின்று எறிய இரண்டு வாய்ப்பு கிடைத்தது. அரங்கமே அடங்கியது. டாக்டரின் கை என் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தில் படவே இல்லை. மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

நவீன் பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். வியர்வையில் மேக்கப் கோடுகோடாக வழிந்திருந்தது. அணியின் மற்ற பையன்களுடைய பெற்றோர், ‘குட் கேம், குட் கேம்’ என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள். அவன் அண்ணனிடம்தான் வந்து நின்றான்.

“அங்கிள், எப்படி?”

இந்த ஒரு தடவையாவது மனுஷன் ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“பாஸை அந்தப் பையன் கைக்கே கொடுத்த. ரெண்டு கோலும் போச்சு. நீ இல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா நீ வந்தும் ஜெயிக்கல.”

நவீன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அவன் அழவில்லை. பெரியவர்கள் பேசிக்கொள்வதுபோல, “பாஸ் என் மிஸ்டேக்தான்” என்றான். பிறகு தன் அப்பா பக்கம் திரும்பினான். கேட்கலாமா என்று ஒரு தயக்கம். “நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூப்பர் என்பது அவர் நாக்கு நுனிவரை வந்ததைப் பார்த்தேன். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு ஒண்ணும் புரியலடா” என்றார் டாக்டர். “நீ எந்தப் பக்கம் பந்து போடணும்னே எனக்குத் தெரியல. நீ விழுந்தப்ப மட்டும் பயமா இருந்துச்சு.”

நவீன் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தான். “அப்பா, பாதி டைமுக்கு மேல பக்கம் மாறும்” என்றான். வேனில் திரும்பும் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தான். டாக்டர் ஒரு விதியைக்கூட விடாமல் கேள்வி கேட்டார்.

மைதானத்தில் எங்களுக்குத் தூக்குமேடை தயாராக இருக்கும் என்று நினைத்தேன். போய் இறங்கியபோது சாயங்கால வெயில் பொன்னாக விழுந்துகொண்டிருந்தது. டைரக்டர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த ஓட்டத்தை ஆறாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஓட, அப்பா பின்னால் ஓட, வேன் கிளம்ப, இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓட. “இந்த உண்மையைத்தான் நான் எதிர்பார்த்தேன்” என்று அவர் அமைதியாகச் சொன்னார். அதுதான் படத்தின் உச்சக்கட்டமானது. ‘கட்! கட்!’ என்று அவர் கத்திய இடத்தில் வயலினைப் போட்டு மூடினோம். அந்த ஷாட்டில் அண்ணனின் முதுகு மட்டும்தான் தெரியும். அதனாலோ என்னவோ, படத்திலேயே அவர் நன்றாக நடித்த இடம் அது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, தேக்காவில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில், எங்கள் குடும்பங்களுக்கு மட்டும் படத்தைப் போட்டுக்காட்டினோம். நவீனும் டாக்டரும் ஒரே மாதிரி டீஷர்ட்டில் வந்திருந்தார்கள், எங்கேயோ மேட்ச் பார்த்துவிட்டு. அண்ணன் தனியாக வந்தார். இருட்டிய பிறகு ஒரு பெண் உள்ளே வந்து, அவர் வரிசையில், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். முப்பதுக்குள் இருக்கும். அண்ணனின் அதே புருவம்.

“என் பொண்ணு” என்றார் இடைவேளையில். “மூணு வருஷமா பேசல.”

பெண் பார்க்க வந்தவர்கள், வழக்கம்போல் ஒரு மரியாதைக்கு, “பொண்ணு எப்படி?” என்று கேட்டிருக்கிறார்கள். இவர், “கெட்டிக்காரி. ஆனா காலையில எழுந்திரிக்க மாட்டா, சமைக்க வராது, கோபம் வந்தா பேச்சை நிறுத்திடுவா” என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அவள் அந்த மாப்பிள்ளைப் பையனை விரும்பியிருந்தாள். அது இவருக்குத் தெரியாது. அவர் கடைசியாகச் சொன்ன குறை உண்மை என்று நிரூபிப்பதுபோல, அவள் ஊரின் மறுகோடியில், உட்லண்ட்ஸில் சித்தி வீட்டுக்குப் போய், பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

“எப்படிண்ணே வந்தாங்க?”

போனை எடுத்துத் தான் அனுப்பிய மெசேஜைக் காட்டினார். ‘படத்தில் நடித்திருக்கிறேன். நல்லா இல்லை. முடிந்தால் வா.’

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சூப்பர் என்றார்கள். கேசரியும் வடையும் வந்தன. நான் தட்டோடு ஒதுங்கி நின்றிருந்தபோது அண்ணன் வேகமாக வந்தார். அப்படி ஒரு முகத்தை, நாங்கள் கேட்டபோதெல்லாம் எங்களுக்கு அவர் காட்டியதில்லை.

“தங்கச்சி, என் பொண்ணு நான் நல்லா நடிச்சிருக்கேன்னு சொல்லுது.”

“ஆமாண்ணே.”

“பொய்தானே?”

நான் கேசரியைப் பார்த்தேன். “இல்லண்ணே. நிஜமாத்தான் சொல்றாங்க.”

“நீயும் பொய் சொல்ற.”

“ஆமாண்ணே.”

“அழுற சீன்ல தூங்கி எழுந்தவன் மாதிரி இருக்கேன். பார்க்க முடியல. இதைப் போய் நல்லாருக்குன்னு ஏன் சொல்லுது?”

நான் அவர் மகள் நின்ற பக்கம் கண்ணைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரோரமாக, இரண்டு தட்டுகளோடு நின்றிருந்தாள். ஒன்று அவருக்கு. அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாக அவளிடம் நடந்தார். தட்டை வாங்கிக்கொண்டார். வடையில் ஒரு வாய் கடித்து, ரொம்ப நேரம் மென்றார்.

பிறகு சொன்னார்: “எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு. நல்லாத்தான் நடிச்சிருக்கேன்.”